தெரிந்த மூன்று சொல், தெரியாத ஒரு தொடர்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் படைக்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோலசிலாங்கூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகள்தாம். இரவில் சிலாங்கூர் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் அவை கூட்டங்கூட்டமாய் மினுக்குவதைப் பார்க்கப் படகேறி வருகிறார்கள். மலாயில் அதற்குக் 'கெலிப்-கெலிப்' என்று பெயர். தமிழில் மின்மினி. இரண்டு பெயரும் கண்ணால் காண்பதையே சொல்கின்றன. ஆங்கிலத்தில் 'ஃபயர்ஃபிளை' என்கிறார்கள். 'ஃபயர்' என்றால் நெருப்பு. 'ஃபிளை' என்றால் ஈ. சேர்த்துப் பார்த்தால் நெருப்பு ஈ. ஆனால் அங்கே நெருப்பும் இல்லை, ஈயும் இல்லை. அது வண்டினத்தைச் சேர்ந்த பூச்சி.

இரண்டு சொல்லும் தெரிந்திருந்தும் பொருள் தெரியாமல் போவது எப்படி என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைக்காது. பூச்சி விஷயத்தில் இப்படி நேர்ந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். வேலை விஷயத்தில் நேர்ந்தால்?

பெஸ்தாரி ஜெயாவிலோ ஈஜோக்கிலோ தோட்டத்துச் சூழலில் வளர்ந்த ஓர் இளைஞர், ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலத்தில் தேர்ச்சி உண்டு. தொழிற்பயிற்சிச் சான்றிதழும் கையில் இருக்கிறது. எதிரே அமர்ந்திருக்கும் அதிகாரி சாதாரணமாக ஒரு கேள்வி கேட்கிறார்: 'கேன் யூ புட் அப் வித் நைட் ஷிஃப்ட்?'

'புட்' தெரியும், வைப்பது. 'அப்' தெரியும், மேலே. 'வித்' தெரியும், உடன். மூன்றும் ஆரம்பப் பள்ளியில் படித்த சொற்கள். மூன்றும் சேர்ந்து 'பொறுத்துக்கொள்வது' என்று பொருள் தரும் என்பதுதான் தெரியாது. இரவு வேலையைச் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். தோட்டத்தில் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பழகிய குடும்பத்துப் பிள்ளைக்கு அது ஒரு கேள்வியே அல்ல. ஆனாலும் அவர் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறார். 'இந்தப் பையனுக்கு ஆங்கிலம் வராது' என்று தாளில் குறிப்பு ஏறிவிடுகிறது. சான்றிதழ் பையிலேயே கிடக்கிறது.

இதே கேள்வியை அந்த அதிகாரி 'டாலரேட்' என்ற சொல்லால் கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். ஏனெனில் மலாயிலும் 'தொலெரான்சி' என்ற சொல் உண்டு. இடைநிலைப்பள்ளிப் பாடநூலில் பலமுறை கண்ணில் பட்டிருக்கும். இங்கேதான் ஆங்கிலத்தின் ஒரு விசித்திரம் இருக்கிறது. இலத்தீன், ஃபிரெஞ்சு வழியாக அம்மொழிக்குள் வந்த நீளமான சொற்கள் நம் பிள்ளைகளுக்கு எளிது. அவை மலாயிலும் புகுந்திருக்கின்றன, பாடநூலிலும் இருக்கின்றன. ஆங்கிலேயர் வீட்டிலும் கடையிலும் பேசும் சின்னஞ்சிறு சொற்களின் கூட்டுத்தான் கடினம். 'போஸ்ட்போன்' தெரிந்த பிள்ளைக்குப் 'புட் ஆஃப்' தெரியாது. 'ரிஜெக்ட்' தெரிந்த பிள்ளைக்கு 'டர்ன் டவுன்' தெரியாது. மேடைத் தமிழில் 'ஒத்திவைத்தல்' என்று படித்த வெளிநாட்டுக்காரர் ஒருவர், 'நாளைக்குத் தள்ளிப் போட்டாச்சு' என்று யாரேனும் சொல்லக் கேட்டால் எதை எங்கே தள்ளினார்கள் என்று தேடுவார் அல்லவா? அதே கதைதான்.

2003ஆம் ஆண்டு அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்கும் திட்டம் நாட்டில் தொடங்கியது. 2009இல் அதைக் கைவிட முடிவெடுத்தார்கள். 2012 முதல் படிப்படியாக மாற்றினார்கள். அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்ற விவாதம் இங்கே தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். ஒளிச்சேர்க்கைக்கு ஆங்கிலச் சொல் தெரிந்த பிள்ளைகளை அது உருவாக்கியிருக்கலாம். 'ஹோல்ட் ஆன்' என்றால் 'சற்றுப் பொறு' என்று தொலைபேசியில் புரிந்துகொள்ளும் பிள்ளைகளை அறிவியல் பாடம் உருவாக்காது. அது அதன் வேலையும் அல்ல.

தோட்டத்து மக்களுக்கு ஆங்கிலம் அந்நியம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது முழு உண்மையன்று. விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுத்த இடத்தைப் பாட்டன்மார் 'பெரட்டு' என்றார்களே, அது 'பெரேட்' என்ற ஆங்கிலச் சொல். வரிசை வீடுகளின் 'லைன்'தான் லயம் ஆயிற்று. வேலைக்கு வந்தவர் பெயரைக் குறித்த புத்தகம் 'செக்ரோல்'. தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர் 'டிரெசர்'. பழைய மருத்துவமனைகளில் காயத்துக்குக் கட்டுப்போடுபவருக்கு அந்தப் பெயர். இன்று அந்தச் சொல்லை இங்கிலாந்துக் கடையில் சொன்னால் இழுப்பறை வைத்த மர அலமாரியைத்தான் காட்டுவார்கள். காரைப் பின்னோக்கி எடுப்பதற்கு மலேசியர் அனைவரும் இன மத பேதமின்றிச் சொல்லும் 'கோஸ்தான்' கூட, கப்பல்காரர்களின் 'கோ ஆஸ்டெர்ன்' என்ற தொடரிலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவரும் ஓர் ஆங்கிலத் தொடரை முழுதாக விழுங்கி வைத்திருக்கிறார்!

இவற்றையெல்லாம் யாரும் பட்டியல் போட்டு மனனம் செய்யவில்லை. ஒவ்வொரு சொல்லும் ஓர் இடத்தோடும் ஒரு வேலையோடும் ஒட்டிக்கொண்டு வந்தது. அதனால்தான் தலைமுறைகள் கடந்தும் மறக்கவில்லை.

மறுபக்கமும் ஒன்று உண்டு. தோட்டத் துரைமார்கள் தமிழ் கற்பதற்குத் தனிப் புத்தகங்களே இருந்தன. 'இங்கே வா' என்ற தலைப்பில், சின்னத்துரைக்கான கையடக்கத் தமிழ் வழிகாட்டியாக ஒரு நூல் 19ஆம் நூற்றாண்டிலேயே கொழும்பில் வெளிவந்தது. தேயிலை, ரப்பர் தோட்டத்துத் தமிழைத் துரைமார்களுக்குக் கற்றுத்தரும் இன்னொரு நூல், தலைப்பிலேயே 'கூலித் தமிழ்' என்று பெயர் தாங்கி, 1915இல் இலங்கையில் அச்சாயிற்று. எழுதியவர் வெல்ஸ் என்ற ஆங்கிலேயர். பெயர் கசக்கிறது, ஆனால் துரைமார்கள் மொழி கற்ற விதத்தைக் கவனிக்க வேண்டும். வேலையிடத்தில் வாயில் வரவேண்டிய பேச்சைத்தான் அவர்கள் தேடினார்கள். முதல் புத்தகத்தின் தலைப்பே ஒரு முழு வாக்கியம்! துரைக்குத் தமிழ் கற்கப் புத்தகம் இருந்தது. தொழிலாளிக்கு ஆங்கிலம் கற்கக் காது மட்டுமே இருந்தது.

பெஸ்தாரி ஜெயாவைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றே பல தலைமுறை அறியும். அந்த வட்டாரத்துத் தென்னமாராம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபொக்கொனியே என்ற ஃபிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகமுறைச் செம்பனை நடவைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயரோ தென்னமரம் என்ற தமிழ்ச் சொல். துரைக்குத் தாய்மொழி ஃபிரெஞ்சு, தொழிலாளிக்குத் தமிழ், கடைவீதியில் மலாய், அரசாங்கக் கடிதத்தில் ஆங்கிலம். இந்த மாவட்டத்துக்குப் பல மொழி என்பது புதிதே அல்ல. இன்றும் இங்குள்ள தமிழ்ப்பள்ளிகளில் ஒன்றின் பெயர் ஹோப்ஃபுல் தோட்டத் தமிழ்ப்பள்ளி. இன்னொன்று கோல்ஃபீல்ட்ஸ் தோட்டத் தமிழ்ப்பள்ளி. முதல் வகுப்புப் பிள்ளை தன் பள்ளியின் பெயரைச் சொல்லும்போதே இரண்டு ஆங்கிலச் சொல்லைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பெயர்களுக்கு என்ன பொருள் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த பெற்றோர் எத்தனை பேர்?

சரி, பிள்ளைகள் எங்கிருந்து தொடங்குவது? 'ஆங்கிலம் வரவேண்டுமானால் தமிழை விட்டுவிட வேண்டும்' என்று நினைக்கும் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். மரபுத்தொடர் விஷயத்தில் இதைப்போன்ற தவறான கணக்கு வேறில்லை.

தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டத்தில் செய்யுளும் மொழியணியும் என்று ஒரு பகுதி இருக்கிறது. மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி, உவமைத்தொடர், பழமொழி எல்லாம் அதில் உண்டு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது, மொழியணி நீங்கவில்லை. 'கம்பி நீட்டுதல்' என்றால் கையில் கம்பி எதுவும் இல்லை, ஓடிவிடுதல் என்று பொருள் என்பதை அந்தப் பிள்ளை சிறு வயதிலேயே அறிந்துகொள்கிறது. 'கரைத்துக் குடித்தல்' என்றால் குவளை தேடக் கூடாது என்று அதற்குத் தெரியும். சொல்லுக்குச் சொல் பொருள் பார்க்காமல் தொடரை முழுதாகப் பிடிக்க வேண்டும் என்ற வித்தை தமிழ் வகுப்பிலேயே கைவந்துவிட்டது. பக்கத்து வகுப்பில் ஆங்கில ஆசிரியை அதையே 'இடியம்' என்று வேறு பெயரில் சொல்லும்போது, இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. அவ்வளவுதான் குறை.

சில தொடர்கள் இரட்டைப் பிள்ளைகள் போலவே இருக்கின்றன. 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்' என்று தொடங்கும் ஆங்கில மரபுத்தொடர், பொறுப்பை விட்டு விலகுவதைக் குறிக்கிறது. நாமும் 'கை கழுவிவிட்டான்' என்கிறோம். கர்வம் பிடித்தவனைத் தமிழர் தலைக்கனம் பிடித்தவன் என்பர். மலாய்க்காரர் 'பெசார் கெப்பாலா' என்பர். ஆங்கிலேயர் 'பிக்-ஹெடட்' என்பர். மூன்று மொழிக்கும் கர்வம் தலையில்தான் ஏறுகிறது!

சில தொடர்களில் பொருள் ஒன்று, படம் வேறு. எப்போதோ ஒருமுறை நடப்பதை நாம் 'அத்தி பூத்தாற்போல' என்போம். ஆங்கிலேயர் 'ஒன்ஸ் இன் எ புளூ மூன்' என்று நீல நிலவைக் காட்டுவர். கொல்லன் தெருவில் ஊசி விற்பதை அவர்கள் நியூகாசலுக்கு நிலக்கரி கொண்டுபோவது என்பார்கள். நியூகாசல் நிலக்கரிக்குப் பேர்போன ஊர். வட சிலாங்கூர்ப் பிள்ளைக்கு இதைப் 'பத்து ஆராங்கிற்குக் கரி கொண்டுபோவது போல' என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்ளும். 1960இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது என்பதை யாரும் இடையில் நினைவூட்டாமல் இருந்தால் சரி.

ஆபத்தானவை மூன்றாவது வகை. படம் ஒன்று, பொருள் வேறு. ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஒன்லி புல்லிங் யுவர் லெக்' என்றால் சும்மா கேலிக்குச் சொன்னேன் என்று பொருள். காலைப் பிடித்து இழுப்பது என்று மொழிபெயர்த்தால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது 'காலை வாருதல்', அதாவது நம்பவைத்துக் கவிழ்ப்பது. வேலையிடத்தில் சக ஊழியர் விளையாட்டாகச் சொன்னதைத் துரோகம் என்று எடுத்துக்கொண்டால் சண்டையில் போய் முடியும். மலாயிலும் இப்படி உண்டு. 'ரிங்கான் துலாங்' என்றால் எலும்பு லேசானவன் என்று நினைத்து நோஞ்சான் என்று முடிவு செய்துவிடக் கூடாது. சுறுசுறுப்பான உழைப்பாளிக்குத்தான் அந்தப் பாராட்டு.

வினைச்சொற்களுக்கும் தமிழிலேயே ஏணி இருக்கிறது. 'பார்' என்றால் கண்ணால் காண்பது. 'பார்த்துக்கொள்' என்றால் கவனித்துப் பேணுவது. ஒரு துணைவினை ஒட்டியதும் பொருள் மாறிவிட்டதல்லவா? ஆங்கிலத்தில் 'லுக்' அப்படித்தான் 'லுக் ஆஃப்டர்' ஆகிறது. 'விடு' வேறு, 'விட்டுக்கொடு' வேறு என்று அறிந்த பிள்ளைக்கு, 'கிவ்' வேறு, 'கிவ் இன்' வேறு என்பது வியப்பாக இருக்காது. 'கிவ் அப்' என்றால் கைவிடுவது. 'கிவ் இன்' என்றால் பணிந்து விட்டுக்கொடுப்பது. நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறோம். அவர்கள் மேலே, கீழே, உள்ளே, வெளியே என்ற சின்னச் சொல்லை ஒட்டுகிறார்கள்.

இதில் தடுமாறினால் வயிற்றில் அடிக்கும் தொடர்கள் சில உண்டு. நேர்முகத் தேர்வு 'புட் ஆஃப்' ஆனது என்று தகவல் வந்தால், வேறு நாளுக்குத் தள்ளியிருக்கிறார்கள். 'கால் ஆஃப்' ஆனது என்றால் அடியோடு ரத்து. இரண்டிலும் 'ஆஃப்' இருக்கிறதே என்று ஒன்றாக எடுத்துக்கொண்டு, தள்ளிவைத்த தேர்வை ரத்தானதாக நினைத்து வீட்டில் இருந்துவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். 'டர்ன் அப்' என்றால் நேரில் வருவது. 'டர்ன் டவுன்' என்றால் நிராகரிப்பது. 'லே ஆஃப்' என்ற தொடர் ஆலையில் காதில் விழுந்தால், ஆட்குறைப்பைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று உடனே புரிந்துகொள்ள வேண்டும்.

இனி, ஒன்றுபோல் தோன்றிக் குழப்பும் சொற்கள். இங்கே தமிழ் சில இடங்களில் கைகொடுக்கிறது, சில இடங்களில் காலைத் தடுக்குகிறது. நேர்மையாக இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

கைகொடுக்கும் இடம்: 'பிரிங்', 'டேக்'. மலாயில் 'பாவா' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதும். தமிழிலோ கொண்டு வா, கொண்டு போ என்று பிரிவு தெளிவாக இருக்கிறது. 'பாரோ' என்றால் இரவல் வாங்குவது, 'லெண்ட்' என்றால் இரவல் கொடுப்பது. மலாய்ப் பேச்சு வழக்கில் 'பிஞ்சாம்' என்று இரண்டுக்கும் ஓடும். 'டீச்சர், பிளீஸ் பாரோ மீ யுவர் பென்' என்று கேட்கும் பிள்ளை மலாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. தமிழ் வழியாகப் போயிருந்தால் தவறியிருக்காது.

தடுக்கும் இடம்: 'கேள்'. காதில் விழுந்தாலும் கேட்கிறோம், கவனம் வைத்தாலும் கேட்கிறோம், வினவினாலும் கேட்கிறோம், கடையில் பொருள் வேண்டும் என்றாலும் கேட்கிறோம். ஆங்கிலத்தில் தானாகக் காதில் விழுவது 'ஹியர்', மனம் வைத்துக் கேட்பது 'லிஸன்', வினவுவது 'ஆஸ்க்'. 'பார்' என்ற சொல்லும் அப்படியே. தொலைக்காட்சியைப் பார்ப்பதற்கு 'வாட்ச்' என்பார்கள், 'சீ' என்பதில்லை. கைவிரலும் கால்விரலும் நமக்கு விரல்தான். அவர்களுக்குக் காலில் இருப்பது 'டோ'. கிளினிக்கில் டாக்டரிடம் காலில் அடிபட்டதைச் சொல்லும்போது இது தேவைப்படும்.

இன்னொரு தடை எழுத்தில் இருக்கிறது. விலைக்கும் பரிசுக்கும் தமிழில் ஒரே மாதிரிப் 'பிரைஸ்' என்றே எழுத வேண்டியிருக்கிறது. பரிசுக்குரிய சொல்லின் கடைசி ஒலி வண்டு ரீங்கரிப்பது போல் வரவேண்டும். தளர்ந்திருப்பதும் 'லூஸ்', தொலைப்பதும் 'லூஸ்'. ஐ.சி.யைத் தொலைத்துவிட்டதாக எழுத வந்தவர் ஓர் 'ஓ'வைக் கூடுதலாகப் போட்டால், ஐ.சி. தளர்ந்துபோய்விட்டது என்றாகும். இந்த ஒலி வேறுபாட்டை எழுதிக் காட்ட முடியாது. காதால்தான் பிடிக்க வேண்டும். எழுதுபொருளைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி'யும் அசையாமல் நிற்பதைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி'யும் ஒலியிலும் ஒன்றே. கடித உறையான 'என்வலப்' ஆங்கிலத்தில் 'ஈ' எழுத்தில் தொடங்குகிறது. எழுதுபொருளுக்கும் அந்த எழுத்தையே போட வேண்டும் என்று நினைவில் வைத்தால் போதும்.

மலேசியாவுக்கு வெளியே செல்லாத நாணயங்களும் நம்மிடம் உண்டு. பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதையும் இங்கே 'ஃபெட்ச்' என்கிறோம். அந்தச் சொல்லுக்குப் போய் அழைத்து வருவது என்றே பொருள். கொண்டுபோய் விடுவது 'டிராப் ஆஃப்'. 'அவுட்ஸ்டேஷன்' போயிருக்கிறார் என்றால் கோலசிலாங்கூரில் அனைவருக்கும் விளங்கும்; கம்போங் குவாந்தானுக்கு வரும் வெளிநாட்டுப் பயணியிடம் சொன்னால் எந்த நிலையம் என்று விழிப்பார். இவற்றைத் தவறு என்று ஒதுக்க வேண்டியதில்லை. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேசினால் போதும்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வாய்த்ததல்ல. ஜப்பானியருக்கு ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்ற ஆசிரியர், சொல்லுக்குப் பொருள் சொல்லும் அகராதி அவர்களுக்குப் போதாது என்று கண்டார். சொல் எந்தத் தொடரில் எப்படி அமரும் என்பதைக் காட்டும் ஓர் அகராதியைத் தம் நண்பர்களுடன் சேர்ந்து உருவாக்கினார். 1942இல் தோக்கியோவில் வெளியான அந்த நூல்தான் பின்னாளில் உலகெங்கும் மாணவர் கையில் தவழும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியாக வளர்ந்தது. அதில் 'புட்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். பல பத்திகள் ஓடும். அத்தனையையும் ஒரே மூச்சில் மனனம் செய்யச் சொன்னால் எந்தப் பிள்ளையும் புத்தகத்தை மூடிவிட்டுப் பந்து விளையாடப் போய்விடும். போகட்டும், அது பிள்ளையின் குற்றமல்ல.

அகரவரிசைக்குப் பதிலாக இடவரிசையில் ஒரு குறிப்பேடு போடலாம். ஒரு பக்கம் கிளினிக், ஒரு பக்கம் வங்கி, ஒரு பக்கம் பேருந்து நிலையம், ஒரு பக்கம் நேர்முகத் தேர்வு. அந்தந்த இடத்தில் காதில் விழுந்த தொடரை முழு வாக்கியமாக எழுத வேண்டும். படிவத்தைப் பூர்த்தி செய்வது 'ஃபில் இன்', ஒப்படைப்பது 'ஹேண்ட் இன்'. இரண்டும் வங்கிப் பக்கத்தில் அடுத்தடுத்து வந்துவிடும். ஒவ்வொன்றின் எதிரிலும் தமிழ் மரபுத்தொடரோ மலாய் 'சிம்புலான் பஹாசா'வோ ஒன்று கிடைத்தால் எழுதி வைக்கலாம். வாரத்துக்கு ஐந்து தொடர் போதும். ஆங்கிலம் தெரியாத தாயும் இதில் பங்கெடுக்கலாம். 'இதற்குத் தமிழில் என்ன சொல்வோம்?' என்று அவர் கேட்டாலே பிள்ளைக்கு அந்தத் தொடர் மனத்தில் பதிந்துவிடும். 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலத் தேர்வில் பேசுவதற்கும் கேட்பதற்கும் தனித்தனித் தாள்கள் இருக்கின்றன. வாய் திறந்து சொல்லிப் பார்க்காத தொடர் அங்கே உதவாது.

நேர்முகத் தேர்வுக்குப் போன அந்த இளைஞரின் பக்கத்தில் கடைசியாக ஒன்றை எழுதிவிடலாம். அறையை விட்டு எழும்போது நம் பிள்ளைகளின் நாவில் இயல்பாக வருவது 'போய்ட்டு வரேன்'. அதை அப்படியே மாற்றி 'ஐ கோ அண்ட் கம்' என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு ஈடான தொடரே கிடையாது. அங்கே 'தேங்க் யூ, ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃபிரம் யூ' என்று சொல்ல வேண்டும். உங்கள் பதிலுக்கு ஆவலோடு காத்திருக்கிறேன் என்று பொருள். 'டு ஹியர்' என்று சுருக்கிவிடாமல் 'ஹியரிங்' என்று முழுதாகவே சொல்ல வேண்டும். 'போய்ட்டு வரேன்' என்பதை அன்று காலை வீட்டு வாசலில் அம்மாவிடம் சொல்லியாயிற்று.